மூலை அறை, இருபது டிகிரி

அக்டோபர் 4, வெள்ளி

இன்றைய சராசரி 7.4. எட்டுக்குக் கீழே முதல் நாள்.

இப்படித் தொடர்ந்து ஐந்து நாள் எட்டுக்குக் கீழே நின்றால்தான் நகராட்சி ஆணை போடும், வெப்ப நிலையம் குழாய்களில் வெந்நீர் விடும். அதுவரை ஊர் முழுக்கக் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். அந்த ஐந்து நாளை எண்ணுகிறவன் நான். முப்பது வருடமாக இந்த ஊர் வானிலை நிலையத்தில் காற்றின் சூட்டை அளந்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு எட்டு அளவு. கூட்டி எட்டால் வகுத்தால் சராசரி. இதைச் செய்ய லெனின்கிராடில் ஐந்து வருடம் படித்தேன்.

தலைவர் நாற்காலியில் மெய்ராம். என் அறிக்கையில் தன் பெயரைப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பி அதில் ஏறியவன். ஒன்பது வருடமாகிறது. நான் மறக்கவில்லை. அவன் மறந்துவிட்டான் என்பதுதான் எரிச்சல்.

என் மனைவி பிபிநூர் சாயங்காலத்திலிருந்து இருமுகிறாள். போன பிப்ரவரி நிமோனியாவுக்குப் பிறகு அவள் நுரையீரல் எனக்கு முன்பே குளிரைக் கண்டுபிடித்துவிடுகிறது.

அக்டோபர் 5

6.9. இரண்டாம் நாள்.

அக்டோபர் 6

7.1. மூன்று.

தரைத்தள வீட்டு ஜினைதா பாவ்லவ்னா மாடிப்படியில் வழிமறித்தாள். கம்பளி மேல் கம்பளி, அதற்கு மேல் செத்துப்போன புருஷனின் கோட்டு.

“ஓரஸ்பெக், இன்னும் எத்தனை நாளுப்பா?”

“ரெண்டு.”

“கடவுளுக்கு அடுத்தபடி இந்த ஊருல நீதான். அவருகிட்டக் கேட்டா பதிலே வரமாட்டேங்குது, அதான் உன்கிட்டக் கேக்கறேன்.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் ஐந்தாம் மாடி ஏறும் வரை அந்த வார்த்தை இனித்தது. ஒளிப்பானேன்?

அக்டோபர் 7, திங்கள்

8.1.

பிற்பகலில் மேகம் விலகி வெயில் அடித்தது. இரண்டு மணி அளவு 14.2. எட்டையும் கூட்டினால் 64.4. வகுத்தால் 8.05. விதிப்படி 8.1. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

மெய்ராம் என் மேசைக்கே வந்தான். “நகராட்சியிலேர்ந்து கேக்கறாங்க. அந்த ரெண்டு மணி அளவைக் கொஞ்சம் மறுபடி பாருங்களேன். பதிமூணு புள்ளி ரெண்டா இருந்திருக்கலாம். கண்ணாடி மாத்தி ரொம்ப நாளாச்சுல்ல உங்களுக்கு?”

ஒரு டிகிரி குறைத்தால் சராசரி 7.9. நாளை ஐந்தாம் நாளாகிவிடும்.

“நீ எழுதறதுன்னா எழுதிக்கோ. அதுல உன் கையெழுத்தைப் போடு. நான் கருவி காட்டறதைத்தான் எழுதுவேன், மனசுல தோணறதை இல்ல.”

அவன் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டான். எண்ணிக்கை அறுந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிபிநூரிடம் சொன்னேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, “நல்லது பண்ணீங்க” என்றாள். பிறகு, “நாளைக்குக் குளிருமா?” என்றாள்.

அக்டோபர் 9

குளிர் நிற்கவில்லை. நேற்று 7.8, அது ஐந்தாம் நாளாகியிருக்கும்; இன்று 9.3. வெயில் என்னைப் பழிவாங்குகிறது. ராத்திரி மட்டும் பனி உறைகிறது. கான்கிரீட் சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.

மெய்ராம் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். ஜினைதா இன்று வணக்கம் சொல்லவில்லை. நான் கடந்து போன பிறகு முதுகுக்குப் பின்னால்: “பூஜ்யம் புள்ளி ஒண்ணு! அதைக் கொஞ்சம் முழுங்கியிருந்தா தொண்டையில சிக்கியிருக்குமா உனக்கு?”

அக்டோபர் 19

ஆணை வந்தது. குழாய்கள் இருமின, கக்கின, பிறகு வெதுவெதுத்தன.

பிபிநூருக்குப் பதினாலாம் தேதியிலிருந்து காய்ச்சல். 38.4. மீண்டும் அதே வலது பக்கம்.

பதினோரு நாள் தாமதம். யார் எண்ணச் சொன்னது என்னை?

நவம்பர் 3

காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. தபால் நிலையத்தில் அவளுக்கு மருத்துவ விடுப்பு நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கடிதம் பிரிக்கிற கூடம் ஒன்பது டிகிரி. கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதற்கு வீடு மேல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லிக்கொள்ள முடியவில்லை. எங்கள் மூலை அறை 14.5. நாங்கள் குழாய் வரிசையில் கடைசிக் கட்டடம், கடைசி மாடி, மூலை வீடு. இரண்டு சுவர் வெளியே. எங்களிடம் வருவதற்குள் வெந்நீர் வெறும் நீராகிவிடுகிறது.

மருத்துவர் சொன்னார்: “இவங்க இருபது டிகிரிக்குக் கீழ இருக்கக் கூடாது.” சட்டமும் அதையேதான் சொல்கிறது: சாதாரண அறைக்குப் பதினெட்டு, மூலை அறைக்கு இருபது. வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சட்டமும் மருத்துவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள். வெப்ப நிலையம்தான் வேறு எண்ணை அனுப்புகிறது.

அளவுக் குழு வரவேண்டும் என்று மனு எழுதினேன். நான்கு பக்கம், விதி எண்களோடு. அவர்கள் வந்து அளந்து மகஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதற்குப் பிறகு நீதிமன்றம். குழாயை மாற்றியே ஆகவேண்டும்.

நவம்பர் 11

அலுவலகம் 12.6. பேனா மை இறங்கவில்லை, பென்சிலால் எழுதுகிறோம். வேலையிடத்துக்கும் விதி உண்டு. போன மாதமே தொழில் ஆய்வாளருக்கு எழுதியிருந்தேன். இன்று வந்தார். மெய்ராம் அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போனான். மேசைக்கடியில் ஹீட்டர் வைத்திருக்கும் அறை. அங்கே அளந்தார்: 22. எழுதிக்கொண்டார். டீ குடித்தார். போய்விட்டார்.

நவம்பர் 16

தம்பி எர்கின் போன் செய்தான். ஆறு வருடத்தில் மூன்றாவது தடவை.

“அண்ணே, மதினியை இந்தக் குளிர்காலத்துக்கு இங்க அனுப்பு. அடுப்பு நாள் பூரா எரியுது. மாக்கென் பாத்துக்குவா.”

“என் வீட்டுல வெந்நீர்க் குழாய் இருக்கு.”

“குழாய் இருக்குண்ணே. உள்ள என்ன ஓடுது?”

வைத்துவிட்டேன்.

அவன் சுரங்கத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறான்; மாக்கென் அவன் மனைவி. பத்தாம் வகுப்பு. அப்பாவின் வீடு அவனுடையது. எங்களில் கடைசி மகனுக்குத்தான் வீடு, அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிரிந்து போகும் மூத்தவனுக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவதும் வழக்கம்தானே? அப்பா சொன்னது: “உனக்குத்தான் படிப்பு குடுத்தாச்சே.” எர்கின் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை நான்.

பிபிநூர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “கடைக்குட்டியா?” என்றாள். புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். நாற்பத்தாறு வயது லாரிக்காரன் இன்னும் கடைக்குட்டி. “என்னவாம்?”

“ஒண்ணுமில்ல.”

நவம்பர் 24

ஜினைதா தன் எண்ணெய் ஹீட்டரை ஐந்து மாடி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. “உனக்கில்ல. அவளுக்கு.”

வேண்டாம் என்றேன். குழு எந்த நாளும் வரலாம். ஹீட்டர் இருக்கிற வீட்டில் அளந்தால் எண் பொய்யாகிவிடும். நாமே தடயத்தை அழித்த மாதிரி.

“அவ இருமறது தடயமாப்பா உனக்கு?”

கதவைச் சாத்தினேன். பிபிநூரிடம் விளக்கினேன்: கடையில் ஒரு ஹீட்டர் வாங்க எனக்கு வக்கில்லையா? இருக்கிறது. வாங்கினால் என்ன ஆகும்? அவர்கள் குழாயை மாற்றமாட்டார்கள். அடுத்த வருடமும் இதே. அதற்கடுத்த வருடமும். நியாயப்படி வரவேண்டிய சூடு ஏன் என் செலவில் வரவேண்டும்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உள்ளது உள்ளபடி எழுதப்படட்டும்.

“சரிங்க” என்றாள். அவள் எப்போதும் சரிங்க என்றுதான் சொல்வாள்.

அறை 14.1.

டிசம்பர் 2

வெளியே மைனஸ் 27. கடிதம் வந்தது. வியாழன் காலை ஒன்பதரைக்குக் குழு வருகிறது. மூன்று பேர்.

கடிதத்தை மனு நகலோடு சேர்த்து வைத்தேன். 

பிபிநூரிடம் ஒருமுறைக்கு மூன்று முறை சொன்னேன். எதையும் தொடாதே. அடுப்பைப் பற்றவைக்காதே. அவர்கள் கோட்டோடு உட்காரட்டும், மூச்சு புகையட்டும்.

“வீட்டுக்கு வர்றவங்களுக்கு ஒரு டீ கூடவா இல்ல?”

“அவங்க விருந்தாளி இல்ல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் வந்துவிட்டது.

டிசம்பர் 5, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதினால் மாறிவிடும்.

காலை ஆறரைக்கு அறை 13.8. குறித்துக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். காலை அளவை எடுத்துவிட்டு நேராகக் கட்டட வாசலில் வந்து நின்றேன். குழு வந்தது: கட்டட நிர்வாகத்திலிருந்து இரண்டு பெண்கள், வெப்ப நிலையத்திலிருந்து காபித் என்கிற சின்ன வயதுப் பொறியாளர், கையில் பெட்டியில் தெர்மாமீட்டர். படியேறும்போது நான் பேசவில்லை. எண் பேசட்டும் என்றிருந்தேன்.

மூன்றாம் மாடியிலேயே வாசனை. பௌர்சாக். எண்ணெயில் மாவு பொரிகிற வாசனை.

கதவைத் திறந்தேன். முகத்தில் சூடு அறைந்தது.

பிபிநூர் வெல்வெட் மேல்சட்டை போட்டிருந்தாள், வெள்ளைத் தலைத்துணி. மாதக்கணக்கில் நான் பார்க்காத ஒரு நிறம் அவள் கன்னத்தில். “வாங்க வாங்க, மேல போய் உக்காருங்க” என்று அவர்களை மூலை அறைக்கே அழைத்துப்போனாள். சன்னலோரம், எங்கள் வீட்டில் விருந்தாளி உட்காரும் இடம். பஞ்சு விரிப்பு, அதன் மேல் துணி விரித்து வெண்ணெய், திராட்சை, ஜாம், மலையாகப் பௌர்சாக். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அடுப்பின் நான்கு பர்னரும் ரொட்டி சுடும் உலையும் எரிந்தன.

“அக்கா, உங்க வீடு குளியலறை மாதிரி இருக்கே!” என்றாள் நிர்வாகத்துப் பெண், கோட்டைக் கழற்றிக்கொண்டே.

“இல்ல! இது அடுப்பு! காலையில பதிமூணு புள்ளி எட்டு, நான் குறிச்சு வெச்சிருக்கேன்…” கத்தினேன். மாடிப்படி வரை கேட்டிருக்கும்.

காபித் அமைதியாக அளந்தான். சுவரிலிருந்து ஒரு மீட்டர். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். முறைப்படி. பத்து நிமிடம் காத்திருந்தான், நடுவில் இரண்டு பௌர்சாக் சாப்பிட்டான்.

21.5.

“ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க!” என்றேன். தொட்டான். உதட்டைப் பிதுக்கினான். “வெதுவெதுன்னுதான் இருக்கு ஐயா. ஆனா மகஜர்ல கை சொல்றதை எழுத இடமில்ல. நீங்களும் இதே தொழில்தானே? கருவி காட்டறதை எழுதுவீங்களா, மனசுல தோணறதை எழுதுவீங்களா?”

அவனுக்கு மெய்ராமைத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் தேவலை.

காகிதத்தை என் முன் வைத்தான். கையெழுத்துப் போடாமல் மறுத்திருக்கலாம். ஆனால் எண் உண்மை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், 21.5. போட்டேன்.

அவர்கள் போன பிறகு பால்கனிக் கதவைத் திறந்தேன். ஜினைதாவின் ஹீட்டர், எதிர்வீட்டுக்காரர்களின் ஹீட்டர், இன்னொன்று யாருடையதோ. பழைய விரிப்பைப் போட்டு மூடியிருந்தாள். விருந்தாளி கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கேவலம் என்று.

“எதுக்குடி? எதுக்கு? ஒரு மாசம்! ஒரு மாசமா இதுக்காகத்தானே…”

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். “மைனஸ் முப்பதுல அஞ்சு மாடி ஏறி வந்திருக்காங்க. வீட்டுக்குள்ளயும் விறைக்க விடச் சொல்றீங்களா? என்னால முடியலங்க. நீங்க சட்டத்தைச் சொல்றீங்க. என்னால முடியல, அவ்வளவுதான்.”

“அவங்க நம்ம எதிரி!”

“இருந்துட்டுப் போகட்டும். வாசல் தாண்டி வந்துட்டாங்கல்ல.”

நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. படிக்காதவள் என்றேன். அது ஒன்று போதும்.

பிறகு அவளே ஹீட்டர்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் உதவவில்லை.

இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அவர்கள் இருந்த முக்கால் மணி நேரமும் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

டிசம்பர் 6

13.9.

டிசம்பர் 13

ஆம்புலன்ஸ். ஐந்து மாடியும் நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். ஜினைதா தன் கதவைத் திறந்து நின்றாள். 

இரண்டு பக்கமும் நிமோனியா.

டிசம்பர் 19

மருத்துவமனை வார்டில் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. 22. அதன் எதிரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிபிநூர், “நம்ம ஆளைப் பாத்தீங்களா” என்றாள், பக்கத்துக் கட்டில் பெண்ணிடம். “பொண்டாட்டியைப் பாக்க வந்துட்டுச் சுவத்தைப் பாக்கறாரு.” இருவரும் சிரித்தார்கள். மூக்கில் குழாயோடு சிரித்தாள்.

டிசம்பர் 27

இன்று மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். நான் டாக்ஸி பிடித்துக்கொண்டு போனபோது எர்கினின் லாரி வாசலில் நின்றது. சுத்தமாகத் துடைத்து, இருக்கையில் ஆட்டுத்தோல் போட்டிருந்தான்.

“யாரு உன்னைக் கூப்பிட்டது?”

அவன் என்னைப் பார்க்காமல் தன் காலணியைப் பார்த்தான். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

“நான்தாங்க” என்றாள் பிபிநூர். “நான்தான் போன் பண்ணினேன்.”

“வீட்டுக்கு வா. நாளைக்கே ஹீட்டர் வாங்கிடறேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று தேடினேன். இல்லை. “எனக்கு மூச்சு வேணுங்க,” என்றாள். “அங்க வந்தா நீங்க அதையும் அளப்பீங்க.”

எர்கின் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றினான். “நீயும் ஏறுண்ணே” என்றான். ஏறவில்லை.

ஜனவரி 14

வெளியே மைனஸ் 36. அறை 12.8. இருமல் சத்தம் இல்லை.

பிப்ரவரி 9

ஒரு விஷயம். நிலையத்தின் கருவி மேடையிலிருந்து பார்த்தால் ஊரின் கீழ்க்கோடி தெரியும். காற்று லேசாக இருக்கும்போது காற்றுமானி அசையாது. புகையைப் பார்த்துத் திசை எழுதுவது வழக்கம். முப்பது வருடமாக நான் பார்த்து எழுதும் புகை அப்பா வீட்டுப் புகைபோக்கியுடையது. ஊரில் மற்ற எல்லாரும் குழாய்க்கு மாறிவிட்டார்கள்.

இன்று புகை நேர் மேலே. அடர்த்தியாக. காற்று: இல்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். குரலில் சளி இல்லை. எப்ப வர்ற என்று நான் கேட்பதில்லை. வெயில் வந்தால் வருவாள். ஐந்து நாள் எட்டுக்கு மேலே நின்றால் வெந்நீரை நிறுத்துவார்கள். அப்போது எல்லா வீடும் ஒன்றுதான்.

பிப்ரவரி 20

இரண்டாவது மனுவுக்குப் பதில்: ‘டிசம்பர் 5 அன்று தங்கள் முன்னிலையில் அளந்து, தாங்களே கையெழுத்திட்ட மகஜரின்படி அறை வெப்பம் விதிக்கு மேல் உள்ளது. குறை இல்லை.’

மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன். மேசை ஆடுவது நின்றது.

மார்ச் 18

எர்கின் போன் செய்தான். நவ்ரூஸ் புத்தாண்டு அன்று வருகிறார்களாம். அவன், மாக்கென், பிபிநூர். “மதினி உன்னைப் பாக்கணும்ங்கறாங்க. நானும்தான்.”

“வா” என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மார்ச் 22, சனி

காலை அறை 15.2. அதைக் குறித்ததோடு நோட்டை மூடினேன்.

ஜினைதா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

“ஹீட்டர் வேணும்.”

“தடயம் என்ன ஆகறது?”

“குடுங்களேன்.”

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எதிர்வீட்டுலயும் கேளு, ஒண்ணு பத்தாது.” பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் மாவு கொண்டுவந்தாள். “பிசைஞ்சுதான் இருக்கு. பொரிக்கவாவது தெரியுமா?”

தெரியவில்லை. பாதி கருகியது. நான்கு பர்னரையும் பற்றவைத்தேன். பத்து மணிக்கு மூலை அறையில் சன்னல் கண்ணாடி வியர்த்தது. விரிப்பை எடுத்துச் சன்னலோரம் போட்டேன். எர்கினின் லாரி சத்தம் கேட்டதும் ஹீட்டர்களை ஒவ்வொன்றாகப் பால்கனிக்குத் தள்ளிப் பழைய விரிப்பைப் போட்டு மூடினேன்.

பிபிநூர் சதை போட்டிருக்கிறாள். ஐந்து மாடியும் நிற்காமல் ஏறியிருக்கிறாள். மாக்கென் செய்த நவ்ரூஸ் கஞ்சியை ஒரு கேனில் கொண்டுவந்திருந்தாள். வாசலில் ஒரு நொடி நின்றாள், சூட்டைக் கன்னத்தில் வாங்கிக்கொண்டு. பால்கனிக் கதவைப் பார்த்தாள். 

“மேல போய் உக்காருங்க” என்றேன். அவளையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் போய்க் காபித் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, வீடு நல்லா இருக்கே!” என்றான் எர்கின். கருகின பௌர்சாக்கை எடுத்துக் கடித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். “நிலக்கரி எங்க வீட்டுலதான்னு நெனச்சேன்.” மாக்கென் அவன் தொடையில் தட்டினாள். நான் அவனுக்கு இன்னொன்று எடுத்து வைத்தேன். அப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிபிநூர் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கோப்பை டீ குடித்தாள். இருமவில்லை. குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவ எழுந்தவள், பாதி வழியில் நின்று, திரும்பி வந்து துணி மேலேயே வைத்துவிட்டாள்.

“டீ நல்லா இருந்துதுங்க” என்றாள்.

கிளம்பும்போது, “ஒரு நிமிஷம்” என்று படுக்கையறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம். தைக்கிற பெட்டியை எடுக்கிறாளோ என்று நினைத்தேன். கோடைக்காலச் செருப்போடு வந்தாள். வெள்ளை, போன ஜூலையில் நான் வாங்கித் தந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

எர்கின் தலை குனிந்து நின்றான்.

“பாத்து இறங்குங்க” என்றேன். “படி வழுக்கும்.”

ஹீட்டர்கள் இன்னும் பால்கனியில்தான் இருக்கின்றன. ஜினைதா கேட்கவில்லை. சாயங்காலம் அறையை அளக்கவில்லை.